கரை ஏறினால்தான் ஏரி தெரியும்



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பிய வேளையில், என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நீலநிற நீர்ப்பரப்பு. அந்நீருக்குள் விரலை நீட்டியது போல ஒரு குறுகிய நிலம். அந்நிலத்தின் வாயிலில், நான்கு புறமும் நீர் சூழ்ந்து நிற்க ஒரு பழங்கோட்டை. கோட்டைக்குப் பின்னால் ஓட்டுக் கூரைகள் நெருங்கிய ஒரு சிற்றூர். அனுப்பியவர் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் என்னிடம் ஓதிய மாணவர். இன்று வட இத்தாலியில், பிரேஷா நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். படத்தின் கீழே அவர் எழுதியிருந்தது இதுதான்:

“ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு இந்த ஊருக்குப் போயிருந்தோம். பெயர் சிர்மியோனே. கார்டா ஏரிக்கரையில் இருக்கிறது. மகன் கேட்டான், ‘உங்க ஊர்ல ஏரி இருக்கா அத்தா?’ என்று. இருக்கு என்று சொல்லிவிட்டேன். கோடை விடுமுறையில் ஊருக்கு வருகிறோம். நம்ம ஏரியில் தண்ணீர் இருக்கிறதா ஹஜ்ரத்?”

எளிய கேள்விதான். ஆயினும் நான்கைந்து நாட்கள் அதற்கு விடை எழுதாமல் இருந்துவிட்டேன். காரணம் வெட்கக்கேடானது. எங்கள் ஊர் ஏரிக்கரைக்கும் என் வீட்டுக்கும் இடையே நடந்தால் கால் மணி நேரம்தான். ஆனால் அந்தக் கரைமீது நான் ஏறி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எனக்கே நினைவில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பிறகு, நம் ஏரியைப் பார்க்கத் துணிவில்லாதவன் பிற ஊர் ஏரிகளைப் பார்த்து வரலாம் என்று புறப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள், வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, என் துணைவியும் மகளும் மகனும் உடன்வர, பெரம்பலூரிலிருந்து அரியலூர்ச் சாலையில் விடியற்காலையிலேயே பயணமானோம்.

போகும் வழியில் அந்த இத்தாலிய ஏரியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இத்தாலி நாட்டின் ஏரிகளிலெல்லாம் பெரியது கார்டா. பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர். ஆழம் மிகுந்த இடத்தில் 346 மீட்டர். மனிதர் எவரும் வெட்டியதன்று. பனியூழிக் காலத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஊர்ந்து இறங்கிய பனியாறுகள் நிலத்தைக் குடைந்து சென்ற பள்ளத்தில் நீர் தேங்கி உண்டானது. அரசுகள் மாறின, போர்கள் வந்து போயின. கரையிலுள்ள ஊர்கள் செழித்தன, நலிந்தன. ஏரியோ அப்படியே இருந்தது.

அரியலூரை நெருங்கும்போது என் மகன் திடீரெனக் கூவினான்: “அத்தா, அதோ பாருங்க, இத்தாலி ஏரி!”

எட்டிப் பார்த்தேன். சாலைக்கு அப்பால் செங்குத்தான வெண்ணிறச் சுவர்களுக்கு நடுவே, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், அசைவற்ற நீர். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏரியன்று. சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்தபின் கைவிடப்பட்ட சுரங்கக் குழி. அரியலூரின் நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிப் போன புதைபடிவங்கள் இன்றும் இந்தப் பகுதியில் கிடைக்கின்றன. அவற்றுக்கென்றே வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டாகி லாரிகளில் ஏறிப் போகிறது. தோண்டிய பள்ளத்தில் மழைநீர் நிற்கிறது. அதற்கு மடையும் இல்லை, மதகும் இல்லை. இறங்கிக் குளிக்கவும் கூடாது; சரிவு செங்குத்து, ஆழம் தெரியாது. பிள்ளைகளுடன் அப்பக்கம் செல்வோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கீழப்பழூரைக் கடந்து கரைவெட்டிக்குச் சென்று சேர்ந்தோம். ஏரி எங்கே என்று தேடினோம். வயல்கள் இருந்தன, வீடுகள் இருந்தன, எதிரே ஒரு நீண்ட மண்மேடு இருந்தது. ஏரி மட்டும் கண்ணில் படவில்லை! “இந்தக் கரைமேல ஏறுங்க பாய், எல்லாம் தெரியும்” என்றார் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர். ஏறினோம்.

வாசகர்களே, என்னவென்று சொல்வேன்! நாங்கள் ஏறிய பக்கம் நெல் வயல், இறங்கும் பக்கம் கடல் போன்ற தண்ணீர். நீருக்குள் கருவேல மரங்கள் கழுத்தளவு முழுகி நிற்க, கிளைகளெல்லாம் நாரைகள். நத்தைகுத்தி நாரைகளை நான் வயல்களில் ஒன்றிரண்டாகக் கண்டிருக்கிறேன். இங்கே கூட்டம் கூட்டமாக. மஞ்சள் அலகும் இளஞ்சிவப்புச் சிறகும் கொண்ட சங்குவளை நாரைகள், சாம்பல் நாரைகள், நெற்றியில் வெள்ளைப் பட்டையுடன் நாமக்கோழிகள். தொலைவில் ஊசிவால் வாத்துகள் ஒரு திட்டுப் போல மிதந்தன. கண்காணிப்புக் கோபுரம் ஒன்றும் உண்டு. ஆனால் கரைமீது நடந்து பார்ப்பதே சிறப்பென்பது என் கருத்து.

என் மகளுக்கு வரித்தலை வாத்தைக் காண ஆசை. வெண்ணிறத் தலையில் இரண்டு கரிய கோடுகள் உடைய அந்தப் பறவை, மங்கோலியா, திபெத் போன்ற குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டித் தெற்கே வருவது. ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தில் அது பறப்பதைக் கருவி பூட்டி அளந்து அறிந்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் பறந்துவரும் பறவைக்கு, திருமானூர் வட்டாரத்து ஏரி ஒன்று இறங்குமிடமாகத் தெரிகிறது! அன்று எங்களுக்கு அதைக் காணும் பேறு வாய்க்கவில்லை. “காலையில இன்னும் சீக்கிரம் வரணும்மா” என்று அந்த முதியவர் மகளைத் தேற்றினார்.

கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் உலகளாவிய ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. பெருமைதான். ஆனால் இந்த ஏரியைப் பறவைகளுக்காக எவரும் வெட்டவில்லை. காவிரியில் முக்கொம்புப் பக்கமிருந்து வரும் புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் வடகிழக்குப் பருவமழையும் இதை நிரப்புகின்றன. நிரம்பினால் மதகு வழியே வயலுக்குப் பாயும். அறுவடை முடிந்து, சித்திரை வைகாசியில் ஏரி வற்றும். அப்போது ஆடுமாடுகள் உள்ளே மேயும். ஆண்டுதோறும் பிறந்து ஆண்டுதோறும் அடங்குவது நம் ஏரி.

முதியவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். “வாத்துக்கும் நாரைக்கும் தண்ணி வேணும், எங்களுக்கும் வேணும். மழை பேஞ்சு வாய்க்காலும் வந்தா ரெண்டு பேருக்கும் சண்டையில்ல” என்றார். பிறகு, “வாய்க்கால் தூர்ந்து கெடந்தா ரெண்டு பேருக்குமே இல்ல” என்றும் சேர்த்துக்கொண்டார். லுஹர் நேரம் நெருங்கியதும் மதகருகே உளூச் செய்தோம். திசை தெரியாமல் நான் தயங்கி நின்றதைக் கண்டு, அவரே கையை நீட்டி, “மேற்கு அந்தப் பக்கம் பாய்” என்று சொல்லிவிட்டு, தம் தோளிலிருந்த துண்டை உதறிக் கரையில் விரித்துவிட்டுச் சற்று விலகிப் போய் அமர்ந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. படத்தில் கண்ட சிர்மியோனே ஊர் ஏரியின் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது. வீட்டுச் சாளரத்தைத் திறந்தால் ஏரி. நம் ஊர்களோ ஏரிக்கு முதுகு காட்டி நிற்கின்றன. இடையே கரை. அந்தக் கரையை மண் சுமந்து போட்டவர் நம் முன்னோர். அதை உயர்த்தி வைத்ததால்தான் ஏரி இருக்கிறது. அது உயர்ந்து நிற்பதாலேயே ஏரி நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாதது எளிதில் மனத்திலிருந்தும் அகன்றுவிடுகிறது. கார்டா ஏரியை ஒரு தலைமுறை மறந்தாலும் அது வற்றாது. நம் ஏரியை ஒரு தலைமுறை மறந்தால் வரத்து வாய்க்கால் தூர்ந்து, மதகு இற்று, கலிங்கு உடைந்து, அது மேட்டு நிலமாகிவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921 ஆம் ஆண்டுகளிலேயே, ஊர்ச்சபையின் உட்பிரிவாக ஏரி வாரியம் என்ற ஒன்று இருந்ததும், அதற்கு ஆண்டுதோறும் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்ததும் சும்மாவா?

அங்கிருந்து ஏலாக்குறிச்சிக்குப் போகலாம் என்றேன். “அங்கும் ஏரியா?” என்றார் என் துணைவி. “ஏரி இல்லை, ஏரிப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்த ஊர்” என்றேன்.

நான் பி.ஏ. தமிழ் இலக்கியம் படித்த நாளில் வீரமாமுனிவர் எனக்குத் தேர்வுக்குரிய பெயராக மட்டுமே இருந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1680இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் பிறந்தவர். வரைபடத்தைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. அவ்வூர் என் மாணவர் படம் அனுப்பிய அதே கார்டா ஏரியின் தென்கரைக்குத் தெற்கே, சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது! (1859இல் சோல்பெரினோப் போரில் காயமுற்ற வீரர்களைப் பகை நட்புப் பாராமல் அவ்வூர்ப் பெண்கள் பேணியதைக் கண்டுதான் ஹென்றி டூனாண்டுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் பிறந்தது. முஸ்லிம் நாடுகளின் செம்பிறைச் சங்கங்களும் அதன் வழிவந்தவையே. சின்ன ஊர்களைச் சின்னவை என்று எண்ணிவிடலாகாது.)

1711 வாக்கில் தமிழகம் வந்த பெஸ்கி, தமிழ் கற்று, 1726இல் தேம்பாவணியையும் 1732இல் சதுரகராதியையும் படைத்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பியவரும் அவரே. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகமும் பாடினார். அரியலூர் மழவராயரின் நோயை மூலிகையால் தீர்த்து அவரிடம் நிலம் பெற்றார் என்பது ஊர் வழக்கு. திருச்சியை ஆண்ட சந்தா சாகிபைக் காண்பதற்காகவே அவர் பாரசீகமும் உருதுவும் கற்றார் என்றும், சந்தா சாகிபு அவருக்கு ‘இஸ்மத் சந்நியாசி’ என்று பட்டம் அளித்தார் என்றும் பழைய வரலாறுகள் கூறும். ஆய்வாளர் சிலர் இதனை ஐயுறுவதுண்டு. ஐயம் இருக்கட்டும். சமயத்தால் நாம் வேறாயினும், ஒரு நாட்டுக்குப் போனால் அதன் மொழியை எப்படிக் கற்க வேண்டும் என்பதில் அவர் நமக்கு ஆசிரியர். நாம் இன்று எழுதும் ‘ஏ’, ‘ஓ’ என்னும் நெடில் எழுத்துகளின் வடிவம் கூட அவர் செய்த திருத்தமே.

கொள்ளிடக்கரைப் பகுதியில் அமைதியாக இருக்கிறது அவ்வூர். பெரிய ஏரிக்கு அருகே பிறந்தவர், ஆண்டில் சில மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆற்றங்கரையில் அமர்ந்து எழுதினார், திரும்பிப் போகவேயில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், பெரம்பலூர்ப் பிள்ளை ஒருவன் பிழைப்புக்காக அவர் விட்டுவந்த ஏரிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். திரும்பி வருவானா?

பிற்பகலில் ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். கோயிலைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 2004இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நாங்கள் தேடிச் சென்றது அதன் மேற்கேயுள்ள பொன்னேரி. கங்கைவரை படை நடத்திய முதலாம் இராசேந்திரன், அங்கிருந்து கொணர்ந்த நீரைப் பெய்து, நீரால் ஆன வெற்றித்தூணாகச் சோழகங்கம் என்ற பெயரில் அமைத்த ஏரி அது. வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஓடிவரும் வாய்க்கால் ஒன்று தெற்கே. வெள்ளாற்றிலிருந்து சிறு வாய்க்கால் ஒன்று வடக்கே. 1855இல் வெளிவந்த ஆங்கிலேயர் காலத்துக் குறிப்பு நூல் ஒன்று இவ்வளவையும் எழுதிவைத்து, ஏரி பாழாகிக் காடு மண்டிக் கிடப்பதையும் எழுதியிருக்கிறது. அதற்குச் சற்று முன்னர்தான், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயிருந்தனர். நீரைத் தேக்க ஒரு காலத்தவர் கட்டிய ஊரின் கற்கள், நீரைத் தேக்க மற்றொரு காலத்தவருக்குப் பயன்பட்டன.

நாங்கள் பார்த்தபோது ஏரியில் ஒரு பகுதியில் நீர் இருந்தது. மற்ற இடமெல்லாம் புதரும் மேடும். 2025இல் அரசு இந்த ஏரியைத் தூர்வாரிச் சீரமைப்பதாக அறிவித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் என்றாலும் நல்ல செய்திதான். “இவ்வளவு பெரிய ராஜா வெட்டின ஏரி ஏன் அத்தா இப்படி ஆச்சு?” என்று கேட்டான் மகன். “ராஜா ஒரு தடவை வெட்டினார். தூர் வாருவது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை” என்றேன். சொல்லும்போதே என் முகம் சுருங்கியது.

ஏன் சுருங்கியது என்பதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் பல சமயத்தாரும் கூடி, ஏரியின் வரத்து வாய்க்காலை ஊராரே வெட்டிச் சீர்செய்வது என்று முடிவு செய்தார்கள். தெருவுக்கு இத்தனை பேர், இன்ன நாள் என்று பட்டியல் போட்டார்கள். அதில் என் பெயரும் இருந்தது. “வகுப்பு இருக்கிறது” என்று சொல்லி நான் போகவில்லை. வகுப்பு இருந்தது உண்மை; ஒரு நாள் மாற்றி வைத்திருக்கலாம் என்பதும் உண்மை. என்னைப் போலவே பலரும் சொன்னதால், நான்கு நாட்களில் அந்த வேலை நின்றது.

ஊர் திரும்பிய மறுநாள், ஃபஜ்ருக்குப் பின் தனியாகக் கரை ஏறினேன். என் மகனை விடச் சிறியவனாக இருந்தபோது, வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நான் நீந்தப் பழகிய ஏரி. அந்த மாணவரும் மதரஸா விட்டதும் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் குதித்த ஏரி. அதற்காக என்னிடம் அடி வாங்கியதும் உண்டு! மதகின் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. உள்வாயில் பாதிக்குமேல் சீமைக்கருவேல். வடகோடியில் வீட்டுமனைக்குரிய கற்கள் நட்டிருந்தார்கள். ஆனால் நடுவில், ஆழமான இடத்தில், அந்த ஆண்டு மழையின் நீர் நின்றது. அதில் இரண்டு நாமக்கோழிகள். கரைமீது நான் நின்ற அரவம் கேட்டு அவை மெல்ல விலகிப் போயின.

அன்று மாலையே மாணவருக்கு விடை எழுதினேன்:

“தம்பி, தண்ணீர் இருக்கிறது. கால் ஏரிதான். கோடையில் நீங்கள் வந்தால் உங்கள் மகன் மாடு மேய்வதைத்தான் பார்ப்பான். டிசம்பர் கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை உண்டென்று கேள்விப்பட்டேன். அப்போது வாருங்கள். கரைவெட்டிக்குக் கூட்டிப் போகிறேன். விடியுமுன் புறப்பட வேண்டும். நம் ஏரியின் வரத்து வாய்க்காலைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் பேச இருக்கிறேன், மற்றத் தெருப் பெரியவர்களையும் பார்க்கப் போகிறேன். இம்முறை பட்டியலில் முதல் பெயராக என் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.”

விடை உடனே வந்தது. “என் பெயரையும் எழுதுங்க ஹஜ்ரத். ஒரு நாள் கூலிக்கு ஆள் வைக்க எவ்வளவு ஆகும்?”

ஆள் வைக்க வேண்டாம், வரும்போது மண்வெட்டி நான் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.